42 ஆட்டங்களில் 100 விக்கெட்: சந்தீப் லாமிச்சானேயின் கணக்கை எப்படி வாசிப்பது?

ஒருநாள் சர்வதேசப் போட்டிகளில் மிகக் குறைந்த ஆட்டங்களில் 100 விக்கெட் எடுத்தவர் யார்? இந்தக் கேள்வியை ஆபீஸ் கேன்டீனில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் மிட்செல் ஸ்டார்க் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ரஷித் கான் என்பார்கள். நேபாளத்தின் சந்தீப் லாமிச்சானே என்று சொல்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

2023 ஏப்ரலில், கீர்த்திபூரில், ஓமானுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் அந்த 100ஐத் தொட்டார். அது அவருடைய 42ஆவது ஆட்டம். அதற்கு முன் சாதனையை வைத்திருந்த ரஷித் கானுக்கு 44 ஆட்டங்கள் ஆயின. ஸ்டார்க்குக் 52, சக்லைன் முஷ்டாக்குக்கு 53.

இந்த 42 என்ற எண்ணை வைத்து இணையத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சிக்கு அவர் ரஷித் கானை விடப் பெரிய ஆள். எண் சொல்கிறது, அவ்வளவுதான் பேச்சு. இன்னொரு கட்சிக்கு அது முழுக்க டூப். ஓமானையும் அமெரிக்காவையும் அவுட் ஆக்குவதெல்லாம் ஒரு சாதனையா என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 2022க்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பேச்சும் சேர்ந்துகொண்டது. அது கிரிக்கெட் சம்பந்தப்பட்டது இல்லை, நீதிமன்றம் சம்பந்தப்பட்டது. அதையும் இதே எண்ணோடு போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுபவன். வேலை நேரத்தில் பெரும்பாலும் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுவது, மற்ற நேரத்தில் ஸ்கோர்கார்டு படிப்பது. இரண்டு இடத்திலும் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒரு எண் தப்பாக இருப்பது அபூர்வம். அது எந்தக் கேள்விக்கான பதிலோ, அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறொரு கேள்விக்கு அதைப் பதிலாகத் தூக்கிக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. லாமிச்சானேயின் கணக்கு அதற்கு நல்ல உதாரணம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை அந்தத் தப்பு நடந்திருக்கிறது.

ஸ்யாங்ஜாவிலிருந்து லார்ட்ஸ் வரை

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000 ஆகஸ்ட் 2 அன்று நேபாளத்தின் ஸ்யாங்ஜா மாவட்டத்தில் பிறந்தவர். சித்வனில் பந்து வீசிக்கொண்டிருந்த பையனை அப்போதைய தேசிய அணிப் பயிற்சியாளர் புபுது தசநாயக்க பார்த்தார். இலங்கைக்காக டெஸ்ட் ஆடி, பிறகு கனடாவுக்கும் ஆடியவர் தசநாயக்க. சிறிய கிரிக்கெட் நாடுகளில் திறமை எப்படி ஒளிந்திருக்கும் என்று தெரிந்த ஆள்.

2016இல் வங்கதேசத்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் லாமிச்சானேக்கு வயது 15. அயர்லாந்துக்கு எதிராக ஹாட்ரிக்கோடு 27 ரன்னுக்கு 5 விக்கெட். தொடர் முழுக்க 14 விக்கெட். அந்த நேபாள அணி நியூசிலாந்தையே தோற்கடித்தது. அதே ஆண்டு மைக்கேல் கிளார்க் அவரை சிட்னிக்கு அழைத்துக்கொண்டு போய் கிளப் கிரிக்கெட் ஆட வைத்தார்.

2018 அவருடைய ஆண்டு. பிப்ரவரியில் நமீபியாவில் உலக கிரிக்கெட் லீக் இரண்டாம் டிவிஷன். அங்கே கனடாவுக்கு எதிரான ஆட்டத்தில் கடைசி விக்கெட்டுக்கு 51 ரன் வேண்டும் என்ற நிலையில் கரண் கேசி அடித்து ஜெயித்துக் கொடுத்தார். எதிர்முனையில் அவுட் ஆகாமல் நின்றவர் லாமிச்சானே. மார்ச்சில் ஜிம்பாப்வேயில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பப்புவா நியூ கினியை வென்றபோது நேபாளத்துக்கு ஒருநாள் அந்தஸ்து கிடைத்தது. மே மாதம் டெல்லி அணிக்காக ஐபிஎல்லில் முதல் ஆட்டம். ஐபிஎல் ஆடிய முதல் நேபாளி. அதே மே 31 அன்று லார்ட்ஸில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக உலக லெவன் அணியில் ஆடினார். அதாவது அவருடைய முதல் சர்வதேச இருபது ஓவர் ஆட்டமே சொந்த நாட்டுச் சட்டையில் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று நெதர்லாந்துக்கு எதிராக நேபாளத்தின் முதல் ஒருநாள் ஆட்டம். அவருக்கும் அதுதான் முதல் ஆட்டம்.

பொதுவாகக் கட்டுரைகள் இதை 'மலையிலிருந்து வந்த பையன்' கதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அதில் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டுப் போகிறது. 2016 ஏப்ரலிலிருந்து 2019 அக்டோபர் வரை நேபாள கிரிக்கெட் சங்கம் ஐசிசியால் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தது. காரணம், நிர்வாகத்தில் அரசின் தலையீடு. மேலே சொன்ன 2018 முழுக்கவும் அந்தக் காலத்துக்குள் வருகிறது. முறையான போர்டு இல்லாத ஒரு நாடு ஒருநாள் அந்தஸ்து வாங்கியது. அந்த நாட்டின் பையன் ஐபிஎல் ஆடினான். இது திறமையின் கதை என்பதோடு, அமைப்பு என்ற ஒன்று இல்லாமலேயே நடந்த கதையும்கூட. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

42 எதை அளக்கிறது?

இப்போது எண்ணுக்கு வருவோம். ஒருநாள் விக்கெட் என்று எதைக் கணக்கில் எடுக்கிறார்கள்? இரண்டு அணிகளுக்கும் ஒருநாள் அந்தஸ்து இருந்து, அந்த ஆட்டத்துக்கு ஐசிசி அங்கீகாரம் கொடுத்திருந்தால் அதில் எடுத்த விக்கெட். யாருக்கு எதிராக, எந்த ஆடுகளத்தில் என்பதெல்லாம் அந்த வரையறையில் கிடையாது.

லாமிச்சானேயின் முதல் 42 ஆட்டங்களில் எதிரணிகளாக வந்தவை நெதர்லாந்து, ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஓமான், அமெரிக்கா, ஸ்காட்லாந்து, நமீபியா, பப்புவா நியூ கினி போன்றவை. டெஸ்ட் ஆடும் 12 முழு உறுப்பு நாடுகளில் ஒன்றுகூட அதில் இல்லை. நேபாளம் ஒரு முழு உறுப்பு நாட்டுக்கு எதிராக ஆடிய முதல் ஒருநாள் ஆட்டம் 2023 ஜூன் 18, ஹராரேயில், ஜிம்பாப்வேயோடு. 100 விக்கெட் முடிந்து இரண்டு மாதம் கழித்து!

எங்கள் தொழிலில் லோட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரு சர்வர் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, செயற்கையாக ஆயிரக்கணக்கில் கோரிக்கைகளை அனுப்பிப் பார்ப்போம். நிமிடத்துக்கு பத்து கோரிக்கை அனுப்பிவிட்டு 'ஆஹா, எவ்வளவு வேகமாகப் பதில் வருகிறது' என்று ரிப்போர்ட் எழுதினால் மேனேஜர் சிரிப்பார். அந்த வேகம் பொய் இல்லை. தீபாவளித் தள்ளுபடி நாளில் என்ன ஆகும் என்பதை மட்டும் அது சொல்லாது. 42உம் அப்படித்தான்.

இதற்கு நல்ல சாட்சி 2020 பிப்ரவரி 12, கீர்த்திபூர். அமெரிக்கா 12 ஓவரில் 35 ரன்னுக்கு ஆல் அவுட். ஒருநாள் வரலாற்றின் மிகக் குறைந்த ஸ்கோரை, 2004இல் ஜிம்பாப்வே எடுத்த 35ஐ, அது சமன் செய்தது. லாமிச்சானே 6 ஓவரில் 16 ரன்னுக்கு 6 விக்கெட். இந்த வரியை மட்டும்தான் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். ஸ்கோர்கார்டில் அடுத்த வரியைப் பாருங்கள்: இடதுகை சுழல் பந்து வீச்சாளர் சுஷன் பாரி, 3 ஓவரில் 5 ரன்னுக்கு 4 விக்கெட். அதே ஆடுகளம், அதே மட்டையாளர்கள், அதே காலை. சுஷன் பாரி பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டு பேர் இப்படி வீசினார்கள் என்றால், அதில் ஒரு பங்கு ஆடுகளத்துக்கும் எதிரணிக்கும் போகத்தான் வேண்டும்.

அதற்காக ரஷித் கானின் 44 சுத்தமான தங்கம் என்றும் சொல்லிவிட முடியாது. அவருடைய 100இலும் அயர்லாந்தும் ஜிம்பாப்வேயும்தான் பெரும்பகுதி. வேறுபாடு என்னவென்றால், அந்த இரண்டு நாடுகளும் இன்று முழு உறுப்பினர்கள். பட்டியலில் பெயர் இருப்பதால் அந்த விக்கெட்டுக்கு மரியாதை கிடைக்கிறது. ஸ்காட்லாந்தை வீழ்த்தினால் கிடைப்பதில்லை. மட்டையாளரின் தரத்தைப் பார்த்து மரியாதை வைக்கிறோமா, சங்கத்தின் உறுப்பினர் அட்டையைப் பார்த்தா? 'டூப்' கட்சிக்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு உதாரணம் இருபது ஓவர் ஆட்டங்களிலிருந்து. 2019 ஜனவரி 1 முதல் ஐசிசி உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் சர்வதேச இருபது ஓவர் அந்தஸ்து கொடுத்துவிட்டார்கள். விளைவு? 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் மங்கோலியாவுக்கு எதிராக நேபாளம் 3 விக்கெட்டுக்கு 314 எடுத்தது. தீபேந்திர சிங் ஐரி 9 பந்தில் அரைசதம். மங்கோலியா 41 ஆல் அவுட். எல்லாமே அதிகாரபூர்வச் சாதனை. அதற்காக ஐரியைக் குறைத்துப் பேசவேண்டியதில்லை, அவர் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரர். சாதனைப் பட்டியல் ஒன்றை அளக்கிறது, நாம் வேறொன்றைப் படிக்கிறோம் என்பதுதான் சிக்கல்.

அப்படியானால் ஆள் எப்படி?

நல்ல பந்து வீச்சாளர். இதைச் சொல்ல எனக்கு 42 தேவைப்படவில்லை.

அவருடைய லெக் ஸ்பின் பழைய பாணி கிடையாது. பந்தை மேலே தூக்கிப் போட்டு, வளையவிட்டு, மட்டையாளரை முன்னால் இழுத்து ஏமாற்றும் வகை இல்லை. கொஞ்சம் வேகமாக, தட்டையாக, ஸ்டம்புக்கு நேராக வருவார். கூக்ளி அதே வேகத்தில், கை அசைவில் பெரிய மாற்றம் தெரியாமல் வரும். மட்டையாளர் திருப்பத்துக்காகக் காத்திருக்கும்போது பந்து நேராக வந்து காலிலோ ஸ்டம்பிலோ படும். பெரிய திருப்பம் இல்லாததுதான் இவருடைய பலம் என்று நினைக்கிறேன். அதிகம் திரும்பினால் மட்டையைத் தாண்டிப் போய்விடும். இது ஸ்டம்பைத் தாண்டிப் போவதில்லை. பந்து தாழ்ந்து வரும் கீர்த்திபூரில் இந்த முறைக்கு முழு மதிப்பெண். பந்து நல்ல உயரத்தில் மட்டைக்கு வரும் ஆடுகளத்தில் இதே பந்து கொஞ்சம் சௌகரியமாகிவிடும்.

ஆதாரம்? இங்கேதான் வேடிக்கை. பெரிய மட்டையாளர்களுக்கு எதிராக அவர் எப்படி வீசினார் என்பதற்கான ஆதாரம் நேபாளத்தின் ஆட்டங்களில் சொற்பம். தனியார் லீகுகளில்தான் அதிகம். 2018இலும் 2019இலும் டெல்லிக்காக 9 ஐபிஎல் ஆட்டங்கள், 13 விக்கெட். ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ், கரீபியன் லீக், பாகிஸ்தான், வங்கதேச லீகுகள் என்று 20 வயதுக்குள் உலகத்தைச் சுற்றிவிட்டார். ஒன்பது ஆட்டத்தில் பதிமூன்று விக்கெட் என்பது சின்ன மாதிரிதான். ஆனாலும் 42ஐ விட அது அதிகம் சொல்கிறது, ஏனென்றால் அங்கே கோரிக்கைகள் நிஜமான வேகத்தில் வந்தன.

ஆக, நிலைமை இப்படி. அவர் திறமையைக் காட்டிய மேடை சர்வதேசக் கணக்கில் சேராது. சர்வதேசக் கணக்கில் சேர்ந்த மேடை அவர் திறமையை முழுசாகச் சோதிக்கவில்லை. இது அவர் தப்பு கிடையாது. 2018 மார்ச்சில் ஒருநாள் அந்தஸ்து கிடைத்த நாட்டோடு ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு பெரிய அணியும் ஒரு ஒருநாள் ஆட்டம்கூட ஆடாமல் இருந்ததே, அந்தத் தப்பு யாருடையது?

ஆட வாய்ப்பு வந்தபோது என்ன ஆச்சு? 2023 ஆசியக் கோப்பை. முல்தானில் பாகிஸ்தான் 342; பாபர் ஆசம் 151, இஃப்திகார் 109 நாட் அவுட். லாமிச்சானேக்கு ஒரு விக்கெட். அடுத்து பல்லெகெலேயில் இந்தியா, மழைக்குப் பின் சுருக்கிய இலக்கை விக்கெட் இழப்பின்றி எட்டியது. 'பார்த்தீர்களா' என்று டூப் கட்சி குதித்தது. எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் பாபர் ஆசமுக்குப் பந்து போடும் ஒருவர் கற்றுக்கொள்வது எப்போது? பெரிய அணிகளோடு ஆடித்தான் பெரிய அணிகளோடு ஆடக் கற்றுக்கொள்ள முடியும். நீச்சல் தெரிந்த பிறகு குளத்தில் இறங்கு என்பது போல இருக்கிறது இந்த நியாயம்.

பட்டியலில் இல்லாதவர்கள்

லாமிச்சானேக்கு முன்பே நேபாளத்தில் சுழல் பந்து வீச்சு இருந்தது. சக்தி கௌசன், பசந்த ரெக்மி, இரண்டு பேரும் இடதுகைக்காரர்கள். நேபாளம் 2010இல் ஐந்தாம் டிவிஷனில் இருந்தது. அங்கிருந்து படிப்படியாக மேலே ஏறிய ஆண்டுகளில் பந்துவீச்சின் முதுகெலும்பு இவர்கள்தான். உலக கிரிக்கெட் லீகில் 100 விக்கெட் எடுத்த முதல் பந்து வீச்சாளர் ரெக்மி. உலக அளவில் முதல் ஆள்!

அந்த 100 எங்கே இருக்கிறது? ஒருநாள் பட்டியலில் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் அவர் அந்த விக்கெட்டுகளை எடுக்கும்போது அந்த ஆட்டங்களுக்கு ஒருநாள் அந்தஸ்து இல்லை. ஓமான், கனடா, நமீபியா, அமெரிக்கா என்று ஏறக்குறைய அதே எதிரணிகள்தான். 2018 மார்ச்சில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் எடுத்த விக்கெட் உலக சாதனை, அந்தப் பக்கம் எடுத்தது அடிக்குறிப்பு. லாமிச்சானேயின் அதிர்ஷ்டம் அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் 17 வயதில் வந்து நின்றது. கௌசன் அதே 2018இல் ஓய்வு பெற்றார்.

லாமிச்சானேயைப் பற்றி எழுதும் யாரும் இந்த இருவரையும் ஒரு பத்தியாவது எழுதவேண்டும் என்பது என் கட்சி. 'ஒற்றை ஆளாக ஒரு நாட்டைத் தூக்கி நிறுத்தினார்' என்ற வாசகம் நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை.

காலியாக இருக்கும் வரிசைகள்

இனி, பலரும் தவிர்க்கும் பகுதி.

2022 செப்டம்பரில், லாமிச்சானே நேபாள அணியின் கேப்டனாக இருந்து, கரீபியன் லீகில் ஆடிக்கொண்டிருந்தபோது, ஓர் இளம்பெண் காத்மாண்டுவில் அவர் மீது பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார். கைது வாரண்ட் வந்தது, நேபாள கிரிக்கெட் சங்கம் அவரை இடைநீக்கம் செய்தது. அக்டோபர் 6 அன்று நாடு திரும்பியபோது கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டை ஆரம்பத்திலிருந்தே மறுத்தார். 2023 ஜனவரியில் ஜாமீன். பிப்ரவரியில் மீண்டும் நேபாள அணியில். அப்போது நடந்த முத்தரப்புத் தொடரில் நமீபியா, ஸ்காட்லாந்து வீரர்கள் மற்ற நேபாள வீரர்களோடு கைகுலுக்கினார்கள், அவரோடு குலுக்கவில்லை. டிசம்பர் 29 அன்று காத்மாண்டு மாவட்ட நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2024 ஜனவரி 10 அன்று 8 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மீண்டும் இடைநீக்கம். மே 15 அன்று பாட்டன் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவரை விடுவித்தது. ஜூன் மாத இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு அமெரிக்கா விசா மறுத்ததால், வெஸ்ட் இண்டீஸில் நடந்த கடைசி இரண்டு ஆட்டங்களில் மட்டும் ஆடினார்.

உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதற்கு மேலே ஏறி நின்று தீர்ப்பு சொல்ல நான் யார்? எனக்கு அந்தத் தகுதி இல்லை, இந்தப் பதிவின் நோக்கமும் அது இல்லை. நான் பேச நினைப்பது அந்த இருபது மாதங்களில் இந்த 42 என்ற எண் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பற்றித்தான்.

தேதிகளைக் கவனியுங்கள். அந்த 100ஆவது விக்கெட் விழுந்த 2023 ஏப்ரலில் அவர் ஜாமீனில் இருந்தார், வழக்கு நடந்துகொண்டிருந்தது. சாதனை வந்த அன்று சமூக ஊடகங்களில் நான் படித்த பல கருத்துகளின் சாரம் இதுதான்: இவ்வளவு பெரிய சாதனையாளன் அப்படிச் செய்வானா? நாட்டுக்குப் பெருமை சேர்த்தவனை இப்படியா நடத்துவது? புகார் கொடுத்தவரைப் பற்றி எழுதப்பட்டவற்றை இங்கே திரும்ப எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆரம்பத்தில் சொன்னேனே, தப்பு இரண்டு தடவை நடந்தது என்று. இது இரண்டாவது. ஓமான் மட்டையாளருக்கு வீசிய கூக்ளி, ஒரு மனிதரின் நடத்தைக்குச் சாட்சி சொல்ல முடியாது. அதேபோல எதிர்ப்பக்கத்தில், புகாரைக் காரணம் காட்டி 'அவன் பந்து வீச்சே ஒன்றுமில்லை' என்று எழுதியவர்களும் உண்டு. அதுவும் அதே தப்புதான். டேட்டாபேஸில் பொதுவான சாவி இல்லாத இரண்டு டேபிள்களை ஜாயின் செய்தால் பதில் வரும், நிறைய வரும். எல்லாம் குப்பை.

புள்ளிவிவரப் பக்கத்தில் இந்த இருபது மாதங்கள் எப்படித் தெரிகின்றன? தெரிவதில்லை. 2022 ஆகஸ்டுக்குப் பிறகு 2023 பிப்ரவரி, நடுவில் ஒன்றுமில்லை. காயம்பட்டு ஓய்வெடுத்தவருக்கும் அப்படித்தான் காட்டும், டீமில் இடம் கிடைக்காதவருக்கும் அப்படித்தான் காட்டும். பூஜ்யம் வேறு, 'மதிப்பு இல்லை' என்பது வேறு என்று முதல் வாரத்திலேயே ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். இந்தக் காலி இடம் பூஜ்யம் இல்லை. அங்கே ஒரு பெண் புகார் எழுதியிருக்கிறார், ஒரு நீதிமன்றம் ஒரு மாதிரி, இன்னொரு நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறது, இரண்டு நாட்டு வீரர்கள் கையை நீட்டாமல் நின்றிருக்கிறார்கள். ஒரு பந்து வீச்சாளரின் வரலாற்றை எழுதுபவர் இதை விட்டுவிட்டால் அது சுருக்கம் இல்லை, மறைப்பு. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்போடு நிறுத்திவிட்டு உயர் நீதிமன்றத்தைச் சொல்லாமல் விடுவதும் மறைப்புதான்.

நேபாள கிரிக்கெட் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரி, மார்ச்சில் நேபாளம் உலகக் கோப்பை லீக் 2இல் உயிரைப் பிடித்துக்கொண்டு ஆடியது. கடைசி 12 ஆட்டங்களில் 11 வென்றுதான் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்து, ஒருநாள் அந்தஸ்தையும் காப்பாற்றிக்கொண்டார்கள். வழக்கு விசாரணை முடியாத நிலையில் இடைநீக்கத்தை விலக்கி அவரை ஆடவைத்தது அந்தத் தொடரின் வாசலில்தான். நல்ல பந்து வீச்சாளராக இல்லாவிட்டால் அந்த அவசரம் இருந்திருக்குமா? பன்னிரண்டாவது ஆளாக இருக்கும் ஒரு பையன் மீது இதே புகார் வந்திருந்தால் சங்கம் இதே வேகத்தில் கதவைத் திறந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். விதி என்பது விக்கெட் எண்ணிக்கையைப் பார்க்காமல் இருந்தால்தான் விதி.

ஒருவரின் தோளில் எல்லாம்

முறையான போர்டு இல்லாத வருஷங்களில் வளர்ந்த கதை என்று சொன்னேன் அல்லவா? அமைப்பு இல்லாத இடத்தில் ஆள் அமைப்பாகிவிடுகிறார். நாட்டின் கிரிக்கெட் என்றாலே ஒரு பெயர். எங்கள் பாஷையில் சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்: அது ஒன்று விழுந்தால் மொத்தமும் விழும் என்ற பயம். அந்தப் பயம் இருக்கும் இடத்தில் யாரும் அந்த ஆளைக் கேள்வி கேட்க மாட்டார்கள். புகார் கொடுக்கும் ஒருவர் எதிர்கொள்வது ஒரு மனிதரை மட்டும் இல்லை, ஒரு நாட்டின் ஆசையையும்தான். இந்த ஏற்பாடு அவருக்கும் நல்லதில்லை, மற்றவர்களுக்கும் நல்லதில்லை.

நல்ல செய்தி, அந்தப் பயம் இப்போது பொய்த்து வருகிறது. 2024 ஜூனில் கிங்ஸ்டவுனில் தென்னாப்பிரிக்காவை நேபாளம் 115க்குள் கட்டிப்போட்டு, ஒரே ஒரு ரன்னில் தோற்றது. லாமிச்சானே திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டம் அது. ஆனால் விழுந்த 7 விக்கெட்டில் நான்கு குஷால் புர்தெலுக்கு, மூன்று ஐரிக்கு. அடுத்த ஆட்டத்தில் வங்கதேசத்தை 106க்குச் சுருட்டியபோது லாமிச்சானே 17 ரன்னுக்கு 2 எடுத்து, சர்வதேச இருபது ஓவர் ஆட்டங்களிலும் 100ஐத் தொட்டார். 2025 செப்டம்பரில் ஷார்ஜாவில் நேபாளம் வெஸ்ட் இண்டீஸை இருபது ஓவர் தொடரில் 2-1 என்று வென்றது. முழு உறுப்பு நாடு ஒன்றுக்கு எதிரான அவர்களுடைய முதல் தொடர் வெற்றி. இரண்டாவது ஆட்டத்தில் வெஸ்ட் இண்டீஸ் 83க்குச் சுருண்டபோது அதிக விக்கெட் எடுத்தவர்கள் முகமது ஆதில் ஆலமும் புர்தெலும். பல பேர் சேர்ந்து ஜெயிக்கும் அணியாக நேபாளம் மாறுகிறது.

என் மதிப்பீட்டைக் கேட்டால், லாமிச்சானே தன் தலைமுறையின் நல்ல வெள்ளைப் பந்து லெக் ஸ்பின்னர்களில் ஒருவர். உலகின் முதல் ஐந்தில் இருக்கிறாரா என்று கேட்டால், அதைச் சொல்லப் போதுமான ஆட்டங்களை உலகம் அவருக்குக் கொடுக்கவில்லை. 42 என்பது உண்மையான எண். அது ஒருநாள் அந்தஸ்து என்ற கோட்டைப் பற்றியும், கீர்த்திபூர் ஆடுகளத்தைப் பற்றியும், பெரிய நாடுகளின் அலட்சியத்தைப் பற்றியும், ஓரளவு அவர் திறமையைப் பற்றியும் சொல்கிறது. வேறெதைப் பற்றியும் அதைப் பேச வைக்கக்கூடாது.

அடுத்து, பசந்த ரெக்மியின் உலக லீக் விக்கெட்டுகளை ஸ்கோர்கார்டு ஸ்கோர்கார்டாக எடுத்து ஒரு டேபிளாகப் போட உத்தேசம். எதிரணி, ஆடுகளம், எந்த டிவிஷன் என்று எல்லா நெடுவரிசையும் இருக்கும். அதை லாமிச்சானேயின் முதல் 42க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அந்த ஒப்பீட்டில் பொதுவான சாவி உண்டு.